அம்மாவின் மூட்டு மாத்திரையை அப்பாவின் கொரோனாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். அம்மாவுக்கு 61 வயது. சரவாங்கி இருப்பதால் பாரிசிடினிப் 2 மி.கி. தினமும் சாப்பிடுகிறார். ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த அப்பாவுக்கு (66, சர்க்கரை உண்டு) மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். டெஸ்ட் எடுத்ததில் கொரோனா. இரண்டாம் அலையில் என் சித்தப்பா தஞ்சாவூரில் ஆக்சிஜனில் இருந்தபோது இதே பாரிசிடினிப்பைத்தான் கொடுத்தார்கள். அம்மாவின் அட்டையிலிருந்து அப்பாவுக்கு நாலு மாத்திரை கொடுக்கலாமா? அம்மாவுக்கும் நேற்றிலிருந்து தொண்டை கரகரப்பு. அவர் தொடர்ந்து சாப்பிடலாமா? மூட்டு வலி மாத்திரைக்கும் கொரோனாவுக்கும் என்னதான் சம்பந்தம்?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அதைக் கொடுக்காதீர்கள். அம்மாவுக்கு இன்றே டெஸ்ட் எடுங்கள். அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் அவருடைய மூட்டு மருத்துவரிடம் போனில் பேசிவிடுங்கள். காரணம் உங்கள் மூன்றாவது கேள்விக்குள்தான் இருக்கிறது.

கொரோனாவுக்கான மருந்துகளில் ஒரு வகை வைரஸையே அடிப்பது. ரெம்டெசிவிர், நிர்மாட்ரெல்விர் எல்லாம் அந்த வகை. இன்னொரு வகை வைரஸைத் தொடுவதே இல்லை. நம் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமிக்ஞைப் பாதையில் கை வைக்கிறது. பாரிசிடினிப், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, டோசிலிசுமாப் ஆகியவை இந்த இரண்டாம் வகை. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. வைரஸ் எத்தனை முறை உருமாறினாலும் நம் செல்லின் பாதை மாறாது. ஒமிக்ரான் வந்தபோது, வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதத்தைக் குறிவைத்துத் தயாரித்த ஆன்டிபாடி ஊசிகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போயின. டெக்ஸாமெத்தசோனுக்கு அந்தக் கதி வரவில்லை.

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்ததும், அந்த செல் இன்டர்ஃபெரான் என்ற அபாய அறிவிப்பை வெளியே அனுப்புகிறது. பக்கத்து செல்லின் மேற்பரப்பில் அதை வாங்கிக்கொள்ள ஏற்பி இருக்கிறது. ஏற்பியின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாக் என்னும் நொதிகள் விழித்து, ஸ்டாட் என்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. ஸ்டாட்கள் செல்லின் கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. இவ்வளவும் நடந்தால்தான் பக்கத்து செல் வைரஸ் வருவதற்குள் தயாராகும். கொரோனா வைரஸும் சாமானியமானதல்ல. ஓ.ஆர்.எஃப்.6 என்ற தன் புரதத்தை வைத்து, ஸ்டாட் கருவுக்குள் நுழையும் வாசலையே அடைக்கப் பார்க்கிறது. தீவிர கொரோனா வந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேரின் ரத்தத்தில், அவர்களுடைய இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடி இருந்ததை 2020-இல் கண்டுபிடித்தார்கள். முதல் சில நாட்களில் இந்த அறிவிப்பு தடையில்லாமல் போய்ச் சேர்வது அவ்வளவு முக்கியம்.

சிக்கல் இங்கேதான். இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சி சமிக்ஞையும் இதே ஜாக், ஸ்டாட் குடும்பத்தின் வழியாகத்தான் போகிறது. அது கல்லீரலை எட்டும்போது சி.ஆர்.பி. என்ற, அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதம் உற்பத்தியாகிறது. அம்மாவின் லேப் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்வாரே, அதுதான். சித்தப்பா ஆக்சிஜனில் இருந்த நாட்களில் அவருக்கும் அதையே திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள். மூட்டில் வீக்கத்தை உண்டாக்குவதும், கொரோனாவின் இரண்டாவது வாரத்தில் நுரையீரலை வீங்க வைப்பதும் பெருமளவு ஒரே பாதைதான். பாரிசிடினிப் ஜாக்-1, ஜாக்-2 நொதிகளை அடைக்கிறது. அழற்சியை மட்டும் அடைத்துவிட்டு இன்டர்ஃபெரானை விட்டுவைக்க அதற்குத் தெரியாது.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜூனில் மேட்டூர் தண்ணீர் வரும்போது மதகை மூடினால் குறுவை நாற்றங்கால் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும்போது அதே மதகை மூடாவிட்டால் சம்பா மூழ்கிவிடும். மதகும் ஒன்று, வாய்க்காலும் ஒன்று, நாள்தான் வேறு. ஜாக் பாதையை முதல் நாட்களில் அடைப்பதும் இரண்டாவது வாரத்தில் அடைப்பதும் அப்படித்தான்.

இது வெறும் ஊகமில்லை, ஆட்களிடம் பார்த்து உறுதி செய்தது. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வின் டெக்ஸாமெத்தசோன் முடிவு 2020 ஜூனில் வெளிவந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 41.4 சதவீதம் பேர் 28 நாளில் இறந்தார்கள். தினம் 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன் சேர்த்துக்கொண்டவர்களில் 29.3. ஆக்சிஜனில் மட்டும் இருந்தவர்களுக்கு 26.2 என்பது 23.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் கணக்கு தலைகீழ்: மருந்து இல்லாமல் 14.0, மருந்தோடு 17.8. இந்தக் கடைசி ஜோடி எண் நம் ஊர் மருந்துக் கடைகளின் சுவரில் ஒட்டப்பட வேண்டியது என்பேன். காய்ச்சல் என்று போய் நின்றால் பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கிறார்களே 'செட்' மாத்திரை, அதில் பேர் தெரியாத ஒரு சின்ன ஸ்டீராய்டு கிடப்பது உண்டு. சர்க்கரைக்காரருக்கு அது இரட்டைக் கேடு. 2021-இல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். தமிழ்நாடு அரசு அந்த மே மாதம் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவே அறிவித்தது.

பாரிசிடினிப்பின் கதையும் இதே போக்கில்தான். 2020 பிப்ரவரியில், செயற்கை நுண்ணறிவை வைத்துப் பழைய மருந்துகளைச் சலித்துப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் இதன் பெயரைச் சொன்னது. அவர்கள் பெரிதாகச் சொன்ன காரணம், ஏ.ஏ.கே.1 என்ற நொதியை அடைத்து வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் என்பது. கடைசியில் உயிரைக் காப்பாற்றியதற்குப் பெரும்பாலும் அழற்சியை அடக்கும் குணமே காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. மருத்துவமனையில் சேர்ந்த 1,525 பேரிடம் நடந்த கோவ்-பேரியர் ஆய்வில் 28 நாள் இறப்பு 13 சதவீதத்திலிருந்து 8 ஆனது. 8,000 பேருக்கு மேல் சேர்ந்த ரெக்கவரி ஆய்வில் பலன் சின்னது, 14-லிருந்து 12. 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தீவிர நோயாளிகளுக்கு, ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. சித்தப்பாவுக்குக் கிடைத்தது அந்த இடத்தில்தான்: ஆஸ்பத்திரிக் கட்டில், ஆக்சிஜன், கண்காணிப்பு. அப்பா இருப்பது மூன்றாவது நாளில், திண்ணையில்.

பாதையைக் கண்டுபிடித்தால் மருந்து கிடைத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆய்வகத்தில் குரங்குச் சிறுநீரக செல்களில் வைரஸை அழகாகத் தடுத்தது. ஆனால் அந்த செல்களில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதி அநேகமாக இல்லை. வைரஸ் வேறு வழியாக நுழைந்தது, மருந்து அந்த வழியை மட்டும் அடைத்தது. மனித நுரையீரல் செல்லில் சோதித்தபோது பலிக்கவில்லை, நோயாளிகளிடமும் பலிக்கவில்லை. சரி, அந்த நொதியையே அடைப்போம் என்று காமோஸ்டாட் என்ற மருந்தை எடுத்தார்கள். மருத்துவமனை நோயாளிகளிடம் அதுவும் கைகொடுக்கவில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். அப்பாவின் வயதும் சர்க்கரையும் அவரை ஆபத்துப் பட்டியலில் வைக்கின்றன. வைரஸை நேரடியாக அடிக்கும் மருந்து தேவையா என்பதை முதல் ஐந்து நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். ஆகவே நாளை என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். நிர்மாட்ரெல்விரோடு வரும் ரிட்டோனாவிர், கொழுப்பு மாத்திரை, சில இதய மாத்திரைகளோடு மோதும். வீட்டில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தண்ணீர், சர்க்கரையைத் தினம் பார்ப்பது. கபசுரக் குடிநீர் குடிப்பாரானால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அதை நம்பி ஆக்சிமீட்டர் பார்ப்பதை விட்டுவிட வேண்டாம்.

அந்த ஆக்சிமீட்டரை மருதாணி, நெயில் பாலிஷ் இல்லாத, சில்லிட்டுப் போகாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை பொறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலை, மாலை, ராத்திரி. பிறகு ஆறு நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடக்க வைத்து மறுபடி பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் இந்த நடை வேண்டாம். 94-க்குக் கீழே போனாலோ, நடந்தபின் மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ, பேச்சில் மூச்சு வாங்கினாலோ 108-ஐக் கூப்பிட்டு திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை, காய்ச்சல் விட்டாலும் கண் வைத்திருங்கள்.

அம்மாவுக்கு கொரோனா உறுதியானால், பாரிசிடினிப்பையும், சரவாங்கிக்கான இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டால் அதையும் தற்காலிகமாக நிறுத்துவதுதான் மூட்டு மருத்துவர்களின் வழக்கம். லேசான நோயாக இருந்தால், அறிகுறிகள் போய் 7 முதல் 14 நாளில் மறுபடி தொடங்குவார்கள். ஆனால் அவர் நாட்பட பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. உடல் அதற்குப் பழகியிருக்கும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். பாரிசிடினிப் நிறுத்திய நாட்களில் மூட்டு வலி கூடும். தாங்கவில்லை என்று அந்த 'செட்'டை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எந்த வலி மாத்திரை ஆகும் என்று அதே போனில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.