ஓடிஸ் அந்த வழக்கில் தோற்றார்

பொது வாரண்டும் (யார் பெயரும் குறிப்பிடாத கைது, சோதனை ஆணை) ரிட் ஆஃப் அசிஸ்டென்ஸும் (கடத்தல் சரக்கைத் தேடி வீடுகளில் நுழையச் சுங்க அதிகாரிக்குத் தந்த ஆணை) ஒன்றுதான், 1761-இல் பாஸ்டன் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓடிஸ் வாதாடி அதை ஒழித்தார் என்று நீங்கள் எழுதியதைப் பேராசிரியர் ஏன் சுழித்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சுழித்தது சரிதான்.

வாரண்ட் ஒரு சம்பவத்துக்காகப் போடுவது. 1763-இல் லண்டனில், அரசைத் தாக்கி எழுதிய எம்.பி. ஜான் வில்க்ஸைப் பிடிக்கப் போட்டதில் பெயரே இல்லை, அதனால்தான் அது பொது வாரண்ட். பாஸ்டன் சுங்க அதிகாரியிடம் இருந்த ரிட்டோ நிரந்தர அனுமதிச் சீட்டு மாதிரி; அரசர் உயிரோடு இருக்கும்வரை செல்லும், அவர் இறந்த பிறகும் ஆறு மாதம் ஓடும், யார் வீட்டில் எதைத் தேடினோம் என்று நீதிமன்றத்துக்குக் கணக்குச் சொல்லவும் வேண்டாம். 1760 அக்டோபரில் இரண்டாம் ஜார்ஜ் இறந்து, ரிட்டைப் புதுப்பிக்க வேண்டி வந்ததால்தான் ஓடிஸ் வாதாடிய அந்த வழக்கே வந்தது.

ஓடிஸ் சொன்ன கதை ஒன்றைக் கட்டுரையில் சேருங்கள். ஓய்வுநாள் சட்டத்தை மீறினார் என்றோ, கெட்ட வார்த்தை பேசினார் என்றோ வேர் என்ற சுங்க ஆளை வாலி என்ற நீதிபதி விசாரித்தார். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்த வேர், இப்போது என் அதிகாரத்தைப் பாருங்கள் என்று ரிட்டைக் காட்டி, அந்த நீதிபதியின் வீட்டையே பரண் முதல் நிலவறை வரை சோதனை போட்டார். அப்புறம் தன்னை அழைத்து வந்த கான்ஸ்டபிள் வீட்டையும்! (எனக்கு இந்த இடம் எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.)

வாதம் பிரமாதம், தீர்ப்பு எதிராகத்தான் வந்தது. இங்கிலாந்தில் 1765-க்குள் நீதிமன்றங்கள் பொது வாரண்டைக் கண்டித்துவிட்டன, ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட 1767 டவுன்ஷெண்ட் வரிச் சட்டம் அமெரிக்கக் காலனிகளில் ரிட்டை மறுபடி உறுதி செய்தது. காலனி மக்களின் கோபத்தை அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.