கடை ஊழியர் சட்டம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: நெல்லை டவுன் ரத வீதியில் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. காலை 9 மணிக்குப் போனால் இரவு 9.30க்குத்தான் விடுவார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். இடையில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுகிறார். உட்காரச் சட்டம் வந்திருக்கிறதாமே?
- வாசகி, பேட்டை

பதில்: வந்திருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ல் 2021-ம் ஆண்டு 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார விட வேண்டும். பதினைந்து பேருக்கு மூலையில் ஒரே ஒரு ஸ்டூல் என்பது கணக்கில் சேராது. முதலாளிகளுக்கும் ஒன்று: மூன்றடி உயர கவுண்டருக்குப் பின்னால் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி போட்டால், உட்கார்ந்தவருக்குக் கவுண்டர் உயரமாக இருக்கும், கடைசியில் யாருமே உட்கார மாட்டார்கள். இரண்டடி உயர ஸ்டூல், கால் வைக்க ஒரு கம்பியோடு வாங்கிப் போடுங்கள்.

ஆனால் உங்கள் கடையில் இருக்கையைவிடப் பெரிய குறை நேரத்தில் இருக்கிறது. சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. 4 மணி நேர வேலைக்குப் பிறகு 1 மணி நேர இடைவேளை கட்டாயம். கடைக்குள் வந்ததிலிருந்து போகும் வரை மொத்தம் 12 மணிக்குள் முடிய வேண்டும். உங்களுக்கு மொத்தம் 12½, அதில் வேலை மட்டுமே 12.

ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்றால் 26-ஆல் வகுக்க நாளுக்கு 500, மணிக்கு 62.50, ஓவர்டைம் மணிக்கு 125. வார விடுமுறைக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, தீபாவளி சீசனானாலும் சரி.

வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதியோடு கணக்கு இல்லாத புகார் விசாரணையில் நிற்பது கடினம். நான்கைந்து பேர் சேர்ந்து தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத் திங்கள்கிழமை மனுநாளிலும் கொடுக்கலாம். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: வள்ளியூரில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன். ஆள் 14 பேர். இரவு முழுக்கத் திறக்கலாமா?

பதில்: திறக்கலாம். 10 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் இயங்க 2022 ஜூனில் அரசு அனுமதித்தது. 2025-ல் மேலும் மூன்று ஆண்டுகள் நீட்டித்தது. (ஹோட்டலுக்கு வேறு சட்டம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.) நிபந்தனைகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் விடுமுறை. அந்த வாரம் யார் யாருக்கு எப்போது லீவு என்று கடையில் எழுதி மாட்ட வேண்டும். இந்த அனுமதியில் இயங்கும் கடைகளுக்கு ஓவர்டைம் உட்பட நாளுக்கு 10½, வாரத்துக்கு 57 மணிதான் உச்சம். சம்பளம், ஓவர்டைம் இரண்டும் வங்கிக் கணக்கில். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வைத்துக்கொள்ள அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதம், பாதுகாப்பு, வாகன வசதி வேண்டும். வெளியே ‘வண்டி உண்டு’ என்று போர்டு மாட்டிவிட்டு, நான்குவழிச்சாலை ஓரத்தில் பஸ்ஸுக்கு நிற்க விடுவது குற்றம் மட்டுமல்ல, கொடுமை. இரண்டு ஷிஃப்ட்டாக ஆளைப் பிரிக்க முடியாதென்றால் இரவுக் கடையை நினைக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல்: 14 பேரில் ஆறு பேரை மட்டும் பதிவேட்டில் காட்டினால், இந்த அனுமதியே உங்களுக்குப் பொருந்தாது. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள கடைகள் பதிவு செய்ய வேண்டும் என்ற திருத்தமும் 2024 ஜூலை 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிலாளர் துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: எட்டு மாதம் வேலை பார்த்த கடையில், போனில் ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்றார்கள். வழி உண்டா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்க அதே கடைகள் சட்டத்தின் 41-ம் பிரிவு இடம் கொடுக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். முதலாளி மனம் மாறுவார் என்று காத்திருந்து அதைத் தவற விட்டவர்கள் ஏராளம். நீக்கிய தேதியைக் குறிப்பிட்டு இன்றே பதிவுத் தபாலில் முதலாளிக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்த போன் அழைப்பின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.