தாக்கீது யாரையும் தாக்காது

கேள்வி: என் தாத்தா வைத்திருந்த தகரப் பெட்டியில் நிலவரி பாக்கிக்காக வந்த பழைய காகிதம் ஒன்று கிடைத்தது. தலைப்பில் 'தாக்கீது' என்று இருக்கிறது. "கட்டாவிட்டால் தாக்குவோம் என்று மிரட்டியிருக்கிறார்களா?" என்று கேட்கிறான் என் மகன். இது தாக்குதலிலிருந்து வந்த சொல்தானா? உத்தரவு, ஆணை எல்லாம் இருக்கும்போது இதற்குத் தனியாக என்ன வேலை?
— வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் பையனைக் கிண்டல் செய்யாதீர்கள். 1983இல் ஒரு தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊர்க் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கிராம நிர்வாக அலுவலர் சாகுபடிக் கணக்கை அனுப்பவே இல்லை. இரண்டு கடிதம் போயாயிற்று. மூன்றாவதை நான் எழுதினேன்: 'உடன் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' வரைவைப் பார்த்த ஹெட்கிளார்க் கடைசி வார்த்தையைச் சிவப்பு மையால் அடித்தார். "மூணாவது தடவையும் கேட்டுக்கிட்டே இருந்தா எப்படிப்பா?" என்றவர், மேலே 'கண்டிப்பாகத் தாக்கீது செய்யப்படுகிறது' என்று எழுதினார். எனக்குப் பகீரென்றது. "சார், கணக்கு அனுப்பாததுக்கா?" என்று கேட்டேன். மனிதர் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

தாக்கீதுக்கும் தாக்குதலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரபு மொழியின் 'தஃகீத்' பாரசீகம், உருது வழியாக 'தாகீத்' ஆகி, நம்மிடம் வந்து 'தாக்கீது' ஆயிற்று. மூலப் பொருள் உறுதிப்படுத்துதல், அழுத்திச் சொல்லுதல். அரபு இலக்கணத்தில் ஒரு சொல்லை அழுத்திக் கூறுவதற்கும் இதே பெயர்தான். ஆக, பிறந்த இடத்தில் அது உத்தரவே இல்லை. சொன்னதை ஆணி அடித்த மாதிரி சொல்வது, அவ்வளவுதான். ஹெட்கிளார்க்குக்கு அரபு தெரியாது. ஆனால் முதல் கடிதத்தில் போடாத சொல்லை மூன்றாவதில் போட்டார் பாருங்கள், அந்த இடம்தான் அதன் இடம்.

அக்கம்பக்கத்து மொழிகளிலும் இது இருக்கிறது. இந்தியில் 'தாகீத்' என்றால் கண்டிப்பாகச் சொல்லிவைப்பது. கன்னடத்தில் 'தாகீது', ஏறக்குறைய நம் பொருள்தான். தெலுங்குப் பத்திரிகைகள் நோட்டீஸ் என்ற பொருளில் 'தாகீது' என்று எழுதுகின்றன. மலையாளத்தில் 'தாக்கீது' எச்சரிக்கை ஆகிவிட்டது. வாத்தியார் பையனைக் கண்டித்து 'இனிமேல் செய்தால் தெரியும்' என்று விட்டால் அங்கே அது தாக்கீது. பாலக்காட்டு நண்பர் யாராவது "எனக்கு ஆபீஸில் தாக்கீது கிடைத்தது" என்றால் வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். வேட்புமனு தாக்கல், பட்ஜெட் தாக்கல் என்கிறோமே, அந்தத் தாக்கலும் தாக்குவதில்லை. 'தாகில்' என்ற அரபுச் சொல், உள்ளே நுழைவது. மனு ஆபீஸ் கணக்குக்குள் நுழைந்தால் தாக்கலாயிற்று. தாக்கு, தாக்கல், தாக்கீது மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல முகஜாடையோடு நிற்கின்றன. முதலாவது மட்டும்தான் நம் வீட்டுப் பிள்ளை, மற்ற இரண்டும் குடிவந்தவை.

குடிவந்த கதை தெரிந்ததுதான். ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் பாரசீகம் நிர்வாக மொழி. 1801இல் அவர்கள் ஆண்ட கர்நாடகப் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது ஆட்கள்தான் மாறினார்கள், கணக்கும் காகிதமும் பழைய பெயரிலேயே ஓடின. உங்கள் ஊர்ப் பக்கம் மராத்தியர் ஆண்டதால் அந்த வழியிலும் இப்படிப்பட்ட சொற்கள் நிறைய வந்தன. வசூல், பாக்கி, ஜப்தி, ஜாமீன், ரத்து, ஆஜர், வக்கீல், தாசில்தார் எல்லாம் இந்தக் கூட்டம்தான். யாராவது தனித்தமிழ்ப் பிடிவாதத்தோடு இவற்றை ஒரே நாளில் துரத்தினால் தாலுகா ஆபீஸ் வாயடைத்துப் போகும்.

சரி, தனியாக என்ன வேலை என்று கேட்டீர்கள். 'ஆணை' அதிகாரத்தைக் காட்டும் சொல். அரசாணை, அழைப்பாணை, பிடியாணை எல்லாம் அதன் கிளைகள். அதே சொல் சத்தியத்துக்கும் ஆகும்: 'உன்மேல் ஆணை.' 'உத்தரவு' கொஞ்சம் இளகியது. மேலிருந்து வரும், கீழிருந்தும் கேட்டு வாங்கலாம். பெரியவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது "உத்தரவு வாங்கிக்கிறேன்" என்கிறோமே, அங்கே அது அனுமதி. 'கட்டளை' வாயால் இடுவது. கோயிலுக்குப் போனால் அறக்கட்டளை ஆகி நெய்விளக்கு ஏற்றும். 'குறிப்பாணை' என்பது மெமோ. வாங்கியவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும், நான் இரண்டு வாங்கியிருக்கிறேன். இத்தனை இருந்தும் 'சொல்லியாயிற்று, இனி மீறினால் உன் பாடு' என்ற தொனி இவற்றில் எதிலும் தானாக வராது. 'கண்டிப்பான', 'இறுதி' என்று எதையாவது முன்னால் ஒட்ட வேண்டும். தாக்கீதுக்கு ஒட்டே வேண்டாம். அந்தக் கணக்கில் எங்கள் ஹெட்கிளார்க் எழுதிய 'கண்டிப்பாகத் தாக்கீது' கூறியது கூறல்தான். அன்றைக்கு அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அதனால்தான் சில பத்திரிகைகள் எல்லா நோட்டீஸையும் தாக்கீது என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. 'கூட்டத்துக்கு வரச் சொல்லி உறுப்பினர்களுக்குத் தாக்கீது' என்று படித்தால், என்ன தப்பு செய்தார்கள் என்று மனம் தேடுகிறது. அங்கே அறிவிப்பு போதும். வீட்டில் இந்தச் சொல் சரியாகவே புழங்குகிறது. "ராத்திரி ஒன்பதுக்குமேல் போன் கூடாதுன்னு அம்மா தாக்கீது போட்டிருக்கா" என்றால், ஏற்கெனவே நாலு தடவை சொல்லியிருக்கிறாள் என்பது அதிலேயே தெரிகிறது.

உங்கள் தாத்தாவின் காகிதத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் தேதியோடு கையெழுத்தோ கைநாட்டோ இருந்தால் அது 'சார்வு' ஆனதற்கு அடையாளம், அதாவது உரியவர் கையில் சேர்ந்தது. ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கையெழுத்து தாத்தாவுடையதாக இருந்தால் பையனிடம் காட்டுங்கள்.

கேள்வி: அரசாணை எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'நிலை' என்றும் 'வாலாயம்' என்றும் போடுகிறார்களே, ஏன்?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: கொள்கை முடிவு, விதித் திருத்தம் போல நிலைத்து நிற்க வேண்டியவை 'நிலை' வரிசையில் வரும். அன்றாட நடைமுறைக் காரியங்கள் 'வாலாயம்'. ஆங்கிலத்தில் ரொட்டீன் என்பதற்கு யாரோ ஒரு நல்ல ஆள் தேடிப் பிடித்து வைத்த சொல். வாலாயம் என்றால் வழக்கம், பழக்கம். 'வாலாயமாக வருகிறவர்' என்று எங்கள் பாட்டி தயிர்க்காரியைச் சொல்வாள். உங்கள் கையில் இருப்பது வாலாயம் என்றால் அது பெரும்பாலும் ஒரு ஆளுக்கோ ஒரு காரியத்துக்கோ போட்டது. அதைக் காட்டி எனக்கும் கொடு என்று கேட்டால் ஆபீஸில் அசைய மாட்டார்கள். நிலை என்றால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.