ஆறு பேர் டீமுக்கு ஜிராவா, அஸூர் டெவாப்ஸா?

நாகர்கோவிலில் ஆறு பேராக இருந்து ரப்பர் வியாபாரிகளுக்கு பில்லிங் ஆப் செய்கிறோம், டீமின் வேலைகளைப் பட்டியலிட்டுக் கவனிக்கும் ஜிரா, அஸூர் டெவாப்ஸ் என்ற இரண்டு மென்பொருள்களில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலை எங்கே தடைபடுகிறது என்று முதலில் பாருங்கள். யார் எதைச் செய்கிறார்கள் என்பதில்தான் குழப்பம் என்றால் ஜிரா போதும், பத்து பேர் வரை இலவசம். ஆனால் புரோகிராம் கோட் சேமித்து வைக்க கிட்ஹப் மாதிரி ஒன்று தனியாக வேண்டும்.

கோட் முடிந்தும் ஒருவருடைய லேப்டாப்பில் இருந்துதான் சர்வரில் ஏற்ற முடிகிறது என்றால் அஸூர் டெவாப்ஸுக்குப் போங்கள். வேலைப் பட்டியல், கோட், பில்டு (கோடை ஓடக்கூடிய ஆப்பாகத் தயாரிப்பது) எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கமிட் செய்தியில், அதாவது கோட் மாற்றத்தைப் பதிவு செய்யும்போது எழுதும் குறிப்பில், #45 என்று எழுதினால், அந்த மாற்றம் 45-ஆம் எண் வேலையோடு இணைந்துவிடும். ஆறு மாதம் கழித்து மார்த்தாண்டத்துக் கடைக்காரர் "ஆர்.எஸ்.எஸ். 4 ஷீட் கணக்கு ஏன் மாறிச்சு?" என்று ஒரு ரப்பர் ஷீட் ரகத்தைப் பற்றிக் கேட்டால், எந்த வரி எதற்காக மாறியது என்று உடனே எடுத்துக் காட்டலாம். சின்ன டீமுக்கு இது பெரிய பலம்.

அப்புறம், அஸூர் டெவாப்ஸில் ஐந்து பேருக்குத்தான் வேலைப் பட்டியல், கோட், பில்டு எல்லாம் சேர்ந்த பேசிக் வசதி இலவசம். ஆறாவது ஆள் கோட் பக்கம் போகாதவர் என்றால் ஸ்டேக்ஹோல்டராக (குறைந்த வசதி உள்ள பயனராக) சேருங்கள், அதற்குக் காசு கிடையாது.