‘லோ’ என்ற சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அழகான தமிழ் பேசியவர், இப்போது வாயைத் திறந்தால் ‘ஃபாஸ்டிங்’, ‘லோ’, ‘ஏ1சி’தான். ‘வெறும் வயிறு’, ‘குறைவு’ என்று திருத்தினால் எரிந்து விழுகிறார். நோய் மொழியையும் தின்றுவிடுமா?

ம.

அன்புள்ள ம.,

எரிந்து விழாமல் என்ன செய்வார்? தினமும் விரலில் குத்திக்கொண்டு எண்ணைப் பார்க்கிறவரின் பேச்சில் நீங்கள் பிழை திருத்துகிறீர்கள்.

ஃபாஸ்டிங்கை அவர் எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும். ‘லோ’வில் மட்டும் கை வைக்காதீர்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஏ1சி 9-லிருந்து 7-க்கு வந்தால் ‘சுகர் குறைஞ்சிருக்கு’ என்கிறோம். மீட்டர் 58 காட்டினாலும் அதையேதான் சொல்கிறோம். முன்னது மூன்று மாத உழைப்பின் பலன், பின்னது உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து. 70-க்குக் கீழே என்பதை ‘லோ’ ஐயமில்லாமல் சொல்லிவிடுகிறது. மூளைக்குக் குளுக்கோஸ் போதாமல் நாக்குக் குழறும் நேரத்தில் சொல்ல வேண்டிய சொல் அது. ஈ, தீ, பூ போல ஓரெழுத்தில் முடிவது எவ்வளவு நல்லது!

அதைக் கேட்டதும் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் மீட்டர் பொய் சொல்லும். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மீண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஆம்புலன்ஸை அழையுங்கள்.

என்னை உறுத்துகிற சொல் வேறு. அது தமிழ்ச்சொல்தான்: மயக்கம். கிறுகிறுப்பு, கண்ணிருட்டல், படபடப்பு என்று தனித்தனியாகச் சொல் வைத்திருக்கும் மொழியில் எல்லாவற்றையும் இந்த ஒன்றுக்குள் திணித்துவிட்டோம். வியர்த்து, கை நடுங்கி, பசித்தால் லோவாக இருக்கலாம். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் ரத்த அழுத்தம் சரிகிறது. நாள்பட்ட சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுத்தாலும் அப்படி வரும். படுத்தபடி ஒருமுறை, நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றால் பெரும்பாலும் உட்காதில் கோளாறு. மூன்றுக்கும் ‘மயக்கமா இருக்கு’ என்றால், மூன்றுக்கும் சர்க்கரைத் தண்ணீர்தான் கிடைக்கும். லோ இல்லாதவருக்கு அதனால் சர்க்கரை ஏறுமே தவிர மயக்கம் தீராது. ஆனால் மீட்டர் கையில் இல்லை, சந்தேகமாக இருக்கிறது என்றால் லோ என்றே வைத்துக்கொண்டு கொடுங்கள்.

அம்மா ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாரா? அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை அவ்வளவாக மறைக்காது. ஆகவே வியர்வையைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தமிழைக் காப்பாற்ற ஆசைப்படுகிறீர்கள். நல்ல ஆசை. அடுத்தமுறை அவர் ‘மயக்கமா இருக்கு’ என்றால் தாராளமாகத் திருத்துங்கள்: வியர்க்கிறதா அம்மா, எழுந்து நின்றதும் வந்ததா, அறை சுற்றுகிறதா? கேட்டுக்கொண்டே மீட்டரை எடுங்கள்.