‘எனக்குச் சம்பளம் தரவில்லை’: எபிரேயத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி: இஸ்ரேலில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. ‘ஐ ஹேவ் நாட் பீன் பெய்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இதை எபிரேயத்தில் எப்படி மாற்றுவது?

பதில்: ஆங்கிலத்தைத் தள்ளி வையுங்கள். தமிழிலிருந்து நேராகப் போவதே சுலபம். ‘எனக்குத் தரவில்லை’ என்கிறோம், யார் என்று சொல்வதில்லை. எபிரேயத்திலும் அப்படியே: ‘லோ ஷில்மு லி’. ‘லி’ என்றால் எனக்கு. ‘அவர்கள்’ வினைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆங்கிலத்தைப் பார்த்து ‘நான்’ என்பதை எழுவாயாக்கி ‘லோ ஷுலம்ட்டி’ என்று எழுதினால், நீங்களே யாருக்கோ கொடுக்கப்படாத பணம் ஆகிவிடுவீர்கள்.

பாக்கி இன்றும் நிற்கிறதென்றால் இறந்தகாலம் போதாது. ‘கெவார் ஷ்லோஷா ஹொதாஷிம் லோ மெஷல்மிம் லி’ என்று நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘லோ ஷில்மு’ என்றால் என்றோ நடந்து முடிந்ததாகவும் படிக்கலாம்.

முறையீட்டில் இதுவும் பற்றாது. முதியோர் பராமரிப்பில் சம்பளத்தின் ஒரு பகுதி தேசியக் காப்பீட்டு உதவியின் கீழ் பராமரிப்பு நிறுவனம் வழியாகவும், மீதி குடும்பத்திடமிருந்தும் வருவது உண்டு. யார் என்று சொல்லாத வினை இரண்டு பேரையும் மறைத்துவிடும். தராதது குடும்பம் என்றால் ‘ஹமஆசிக் லோ மெஷலெம் லி’ (முதலாளி தருவதில்லை) என்று எழுதி, பெயரும் மாதங்களும் சேருங்கள். நிறுவனம் என்றால் நிறுவனத்தின் பெயர்.

‘நான்’ எழுவாயாக வரும் செயப்பாட்டு வினையும் உண்டு. தமிழில் ‘என்னை’ வருகிற இடங்கள் அவை. ‘என்னை வேலையைவிட்டு நீக்கினார்கள்’ என்பதற்கு ‘புட்டர்ட்டி’ சரியான எபிரேயம். இங்கேதான் கண்ணை விரித்துப் பார்க்க வேண்டும். அதே வேரில் பிறந்த ‘ஹிட்பட்டர்ட்டி’ என்றால் ‘நானே ராஜினாமா செய்தேன்’. எழுத்தில் பார்த்தால் முன்னால் ‘ஹே’, ‘தாவ்’ என்ற இரண்டு எழுத்துகள் நிற்கும், ‘புட்டர்ட்டி’யில் உள்ள ‘வாவ்’ எழுத்து இருக்காது, அவ்வளவே. ஓராண்டு வேலை பார்த்தவரை நீக்கினால் 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிநீக்க இழப்பீடு உண்டு. தானாக விலகியவருக்குப் பொதுவாக இல்லை. ‘கணக்கு முடிக்கத்தான், சும்மா கையெழுத்துப் போடுங்கள்’ என்று ஏஜென்ட் நீட்டும் எபிரேயத் தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். வேலை ஒப்பந்தம் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வேலையைவிட்டு அனுப்பும் நாளில் மட்டும் எல்லாத் தாளும் எபிரேயமாகிவிடும், ஏனென்று கேட்க ஆளிருக்காது!

‘நோட்டரி முத்திரையோடு மொழிபெயர்த்துத் தருகிறோம்’ என்பவர்களிடமும் எச்சரிக்கை. நேராக எபிரேயத்தில் எழுதும் முறையீட்டுக் கடிதத்துக்கு முத்திரை தேவையில்லை. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த நோட்டரிதான் மொழிபெயர்ப்புச் சரி என்று தானே சான்று தர முடியும், அதற்கான கட்டணமும் விதிகளில் வரையறுத்தது. பேரம் பேசுகிறவரிடம் போக வேண்டாம். முத்திரையும் ஆங்கிலத் தாளோடு எபிரேயம் ஒத்துப்போகிறது என்று மட்டுமே சொல்லும். ஆங்கிலத்தில் முதலாளி பெயர் விடுபட்டிருந்தால் எபிரேயத்திலும் விடுபட்டிருக்கும், அதற்கும் சேர்த்தே காசு வாங்கியிருப்பார்கள்.

கடிதத்தோடு சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரத்தின் நகல்களை இணையுங்கள். கையெழுத்திட்ட தாள் ஒவ்வொன்றையும் அந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.