இறங்கிய ஊரில் எந்த வண்டியில் ஏறுவது? – வாசகர் கேள்வி பதில்

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகவே வான் வண்டியில் ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். அந்த அலைச்சலோடு விமானம் ஏறி, தெரியாத ஊரில் இறங்கி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதுதான் "டாக்சி வேணுமா?" என்று நாலு பேர் சூழ்வார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியவை.

அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்குச் சென்னைக்குக் கூட்டிப் போகிறேன். இங்கே பிக்மி டாக்சி செயலி பாவித்துப் பழக்கம். மீனம்பாக்கத்தில் இறங்கி நுங்கம்பாக்கம் போக என்ன வழி?
– வாசகி, உவர்மலை

பிக்மி பாக்குநீரிணையைத் தாண்டாது. சென்னையில் ஊபர், ஓலா, நம்ம யாத்ரி மூன்றும் ஓடுகின்றன. உங்களுக்கு வசதி ஊபர்தான். காரணம், இங்கே இருக்கும்போதே உங்கள் இலங்கை இலக்கத்தில் கணக்குத் திறந்து உள்நுழைந்துவிடலாம். அங்கே போய் அதே கணக்கில் வண்டி கேட்கலாம். போனிலிருந்து செயலியை அழித்துவிடாதீர்கள், கணக்கிலிருந்து வெளியேறவும் வேண்டாம். மறுபடி நுழைய ஓடிபி கேட்கும், அது இலங்கை சிம்முக்குத்தான் வரும். சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டவர்கள் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இந்திய சிம்மை விமான நிலையத்திலேயே வாங்கி உடனே பேசலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். கடவுச்சீட்டு, விசா, படம் எல்லாம் கொடுத்த பிறகும் சிம் உயிர்பெறச் சில மணித்தியாலம் எடுக்கலாம். முதல் நாளுக்கு மட்டும் ரோமிங் பொதி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும், வயதான அம்மாவோடு முதன்முறை போகும் உங்களுக்கு நாங்கள் சொல்வது செயலி வண்டி அல்ல, முன்பணம் கட்டும் டாக்சி கவுண்டர். வெளியே வருமுன், வருகை மண்டபத்துக்குள்ளேயே இருக்கும். இடத்தைச் சொன்னால் தொகையைச் சொல்வார்கள். கட்டியதும் பற்றுச்சீட்டு தருவார்கள். செயலியை விடக் கொஞ்சம் கூடுதலாக வரலாம். அதற்குப் பதிலாக, வண்டிக்காக நெடுந்தூரம் நடக்கவேண்டிய தொல்லை இல்லை. செயலி வண்டிகள் வாசலில் வந்து நிற்பதில்லை. எதிரேயுள்ள பலமாடி வாகனத் தரிப்பிடத்துக்கு நீங்கள்தான் பெட்டிகளோடு போக வேண்டும். நீங்கள் ஏறியவுடனே சாரதி பற்றுச்சீட்டைக் கேட்டாலும் இலக்கத்தை மட்டும் காட்டுங்கள். வாசலில் இறங்கி, பெட்டிகளை எண்ணிய பிறகே கையில் கொடுங்கள். அவருக்கு அந்தத் துண்டுதான் காசு. அது உங்கள் கையில் இருக்கும்வரை பாதி வழியில் "இதுக்கு மேல போகாது மேடம்" என்ற பேச்சு வராது.

அடுத்தது முகவரி. சென்னை முகவரி எங்கள் ஊர் முகவரி போல இருக்காது. ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். "12/5" என்று எழுதியிருந்தால் எது எது என்று விடுதிக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். 'முதல் குறுக்குத் தெரு' பேட்டைக்குப் பேட்டை உண்டு. ஆகவே ஒரு தாளில் பெரிய எழுத்தில் நாலு விஷயம்: இரண்டு எண்களோடும் தெரு, பேட்டையின் பெயர், ஆறு இலக்க பின்கோடு, கிட்டவுள்ள கோயிலோ பெற்றோல் செட்டோ ஏதாவது ஓர் அடையாளம். கீழே விடுதியின் தொலைபேசி இலக்கம். வழி தெரியாவிட்டால் சாரதியே அங்கு பேசிக்கொள்வார்.

மறுநாள் முதல் செயலியைத் தாராளமாகப் பாவியுங்கள். வண்டி உறுதியானதும் சாரதி அழைத்து, "டிராப் எங்க மேடம்? கேஷா, ஆன்லைனா?" என்பார். "கேஷ்" என்றால் வருவார். கார்ட் என்றால் சிலர் வராமலே நின்றுவிடுவார்கள். வந்த வண்டியின் இலக்கத்தகட்டைச் செயலியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வாடகை வண்டி என்றால் பெரும்பாலும் மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. வெள்ளைத் தகடு சொந்த வண்டிக்கு. செயலியில் காட்டும் நான்கு இலக்க ஓடிபியை ஏறி உட்கார்ந்த பிறகே சொல்லுங்கள், அதுதான் பயணத்தின் சாவி. "செயலியில் ரத்து பண்ணுங்க, அதே காசை என்கிட்ட குடுங்க" என்றால் இறங்கிவிடுங்கள். ரத்தான பிறகு அந்தப் பயணத்துக்குப் பதிவே இருக்காது.

பெட்டிகள் பெரிதாக இரண்டுக்கு மேல் இருந்தால் சிறிய கார் போதாது. சில கார்களில் டிக்கிக்குள் எரிவாயு சிலிண்டர் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். எர்டிகா, இன்னோவா அளவு வண்டி கேளுங்கள்.

கோலாலம்பூருக்குப் பிள்ளைகளோடு ஐந்து பேர் போகிறோம். ரயிலா, காரா?
– வாசகர், கிண்ணியா

தனி ஆள் என்றால் ரயில். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் முதலாம் முனையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். பெரியவருக்கு 55 ரிங்கிட். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டால் கார் எவ்வளவோ மலிவு. நகரம் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருந்தும்கூட அப்படித்தான்.

அங்கே ஊபர் இல்லை. 2018இல் தென்கிழக்காசிய வியாபாரத்தை கிராப் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. கிராப் செயலியை இங்கேயே தரவிறக்கிப் பதிந்துகொள்ளுங்கள். நான்கு இருக்கை, ஆறு இருக்கை என்று இரண்டு வகை வரும். ஐந்து பேருக்கு நான்கு இருக்கை வண்டி கேட்டுவிட்டு "சின்னப் பிள்ளைதானே, மடியில் வைக்கிறோம்" என்றால் சாரதி ஏற்றமாட்டார், ரத்துக் கட்டணம் உங்கள் தலையில். நெடுஞ்சாலைக் கட்டணம் சொன்ன தொகைக்கு மேல் சேரும். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். மாலை ஐந்து முதல் எட்டு வரை நெரிசல், நேரத்தை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.

முனையம் எது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஏர் ஏசியாவில் போனால் இரண்டாம் முனையம். ஸ்ரீலங்கன் என்றால் முதலாம் முனையம். வண்டியைத் தவறான முனையத்துக்குக் கூப்பிட்டால் சாரதியும் நீங்களும் ஆளையாள் தேடிக்கொண்டு நிற்பீர்கள். மண்டபத்தில் தாமாக வந்து பெட்டியைத் தூக்குபவர்களை மலாய்க்காரர்கள் 'உலாட்' என்பார்கள், புழு என்று பொருள். அதில் தமிழ் பேசுபவரும் இருப்பார். தமிழுக்காகக் கழிவு தருவார் என்று நம்பிப் பின்னால் போகாதீர்கள்.

சிங்கப்பூரில் இரவு ஒரு மணிக்கு டாக்சி எடுத்தோம். மீட்டரில் 24 டொலர், சாரதி கேட்டது 42. ஏமாந்துவிட்டோமா?
– வாசகர், நிலாவெளி

இல்லை. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் பாதி மேலதிகமாகச் சேரும்: 12 டொலர். சாங்கி விமான நிலையத்தில் ஏறியதற்கு இன்னும் 6. கூட்டினால் 42 சரி. அடுத்த முறை இறங்கும்போது பற்றுச்சீட்டைக் கேளுங்கள், ஒவ்வொன்றும் தனி வரியாக அச்சாகி வரும். விமானம் பகலில் இறங்கினால் எம்ஆர்டி ரயில் இன்னும் மலிவு.

லண்டனில் உள்ள மகன் எங்களுக்கு மினிகேப் (முன்பதிவில் மட்டும் வரும் வாடகைக் கார்) பதிந்திருக்கிறான். எனக்கும் மனைவிக்கும் ஆங்கிலம் குறைவு. சாரதியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஓய்வுபெற்ற வாசகர், சாம்பல்தீவு

உங்கள் சிக்கல் ஆங்கிலம் அல்ல ஐயா, பெயர். எங்கள் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னும் வரும். பதிவு செய்யும்போது எதைக் குடும்பப்பெயர் என்று போட்டார்களோ அதைத்தான் சாரதி பலகையில் எழுதிப் பிடித்திருப்பார். நீங்கள் உங்கள் பெயரைத் தேடுவீர்கள். அவர் உங்கள் தகப்பனாரின் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதை மகனே தீர்மானித்து, அதே எழுத்தை உங்கள் போனுக்குப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். மகனின் பெயரையே எழுதினால் இன்னும் நல்லது.

மகன் கவனிக்க வேண்டியவை: இறங்கும் நேரத்தை மட்டும் கொடுக்காமல் விமான இலக்கத்தையும் கொடுக்க வேண்டும். தாமதமானால் நிறுவனம் அதைப் பார்த்து வண்டி வரும் நேரத்தை மாற்றும். ஹீத்ரோவில் 2, 3, 4, 5 என்று நான்கு முனையங்கள். எது என்று எழுத வேண்டும். குடிவரவு வரிசையையும் பெட்டிகளையும் கணக்கிட்டு, தரையிறங்கி ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பின் சாரதி உள்ளே வரும்படி பதியலாம். காத்திருப்பு எத்தனை நிமிடம் இலவசம், பிறகு எவ்வளவு, தரிப்பிடக் கட்டணம் யாருக்கு என்று மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

முன்பதிவு இல்லாமல் மினிகேப் ஆள் ஏற்றுவது அங்கே சட்டவிரோதம். அப்படி ஏறினால் விபத்துக் காப்புறுதியும் செல்லாமல் போகலாம். சாரதியைக் காணவில்லை என்றால், பக்கத்தில் வந்து கேட்பவரோடு போகாமல் கறுப்பு டாக்சி வரிசைக்குப் போங்கள். மீட்டர் ஓடும், விலை கூட. ஆனால் முறையானது, சக்கர நாற்காலியும் உள்ளே ஏறும்.

பாங்கொக்கில் துணி வாங்கப் போகிறேன். மீட்டர் போடமாட்டார்களாமே?
– வாசகர், திருகோணமலை நகர்

முதலில் எந்த விமான நிலையம் என்று பயணச்சீட்டைப் பாருங்கள். சுவர்ணபூமி, டொன் முவாங் என்று இரண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகலாம். சுவர்ணபூமியில் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் இயந்திரம் ஒரு துண்டு தரும், அதில் நிற்கவேண்டிய இடத்தின் இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தில் நிற்கும் வண்டியில் ஏறுங்கள். துண்டைச் சாரதியிடம் கொடுக்க வேண்டாம், முறைப்பாட்டுக்கு அதுதான் ஆதாரம். மீட்டரோடு விமான நிலையக் கட்டணம் ஒரு சிறு தொகை சேரும். விரைவுச்சாலைக் கட்டணத்தைப் பயணிதான் கட்ட வேண்டும். சாவடியில் சாரதி கை நீட்டினால் சில்லறை தயாராக இருக்கட்டும். மீட்டர் போடாமல் மொத்த விலை பேசினால் புறப்படுமுன்பே இறங்கி மறுபடி இயந்திரத்திடம் போங்கள். ஹோட்டல் பெயரைத் தாய் எழுத்தில் போனில் வைத்திருங்கள். சாரதிகள் பலருக்கு ஆங்கில எழுத்து உதவாது.

தங்கை வேலைக்கு டுபாய் போகிறாள், இரவில் இறங்குவாள். அழைக்க ஆள் வராவிட்டால்?
– வாசகி, மூதூர்

வேலை தருபவர் அனுப்பும் ஆளின் பெயர், போன் இலக்கம், வண்டி இலக்கம் மூன்றும் பயணத்துக்கு முன்பே உங்கள் கையிலும் இருக்க வேண்டும். யாரும் வரவில்லையென்றால் மண்டபத்தை விட்டு வெளியேறாமல் முதலில் உங்களை அழைக்கட்டும். பிறகும் போகத்தான் வேண்டுமென்றால் அதிகாரபூர்வ டாக்சி வரிசை: மணல் நிற வண்டி. இளஞ்சிவப்புக் கூரை இருந்தால் ஓட்டுபவர் பெண், விமான நிலையத்தில் கேட்டே எடுக்கலாம். அங்கே ஏறினால் மீட்டர் 25 திர்ஹாமில் தொடங்கும். ஷார்ஜாவுக்குப் போனால் எல்லைக் கட்டணம் 20 திர்ஹாம் சேரும். 'கார் லிஃப்ட்' என்று மலிவு விலை சொல்லும் சொந்தக் கார்க்காரரோடு போகவே கூடாது.

டாக்சியில் பையை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், தம்பலகாமம்

வண்டி இலக்கம் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். ஏறுமுன் பின் இலக்கத்தகட்டை ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஐந்து விநாடி வேலை. செயலி வண்டி என்றால் அந்தப் பயணத்தைத் திறந்து 'பொருள் தொலைந்தது' என்பதை அழுத்தினால் சாரதிக்கே அழைப்புப் போகும். அடுத்த ஆள் ஏறுமுன் அழைத்தால்தான் பலன். கடவுச்சீட்டு உள்ள பை மட்டும் எப்போதும் கழுத்திலோ இடுப்பிலோ இருக்கட்டும், டிக்கிக்குள் போடாதீர்கள்.